டோக்கன் நாள்

திங்கள், புதன், சனி. விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கும் நாட்கள். என் வாரத்தில் மூன்றே கிழமைகள்தான், மெரால்டா.

பாசி அறுத்த விரல்களில் துணியை அவிழ்க்காமலே வருவாய். தாலிச் சிலுவையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாய். படுத்தால் அங்கும் குத்தும்.

ரெமிஜியுஸ் படகுக்கு மட்டும் இரண்டு பார் ஐஸ் கூடுதலாக ஏற்றுகிறேன், இன்னொரு இரவு கடலிலேயே கிடக்கட்டும் என்று. பிரியம் என நினைத்துப் போன வாரம் ஒரு கூறு நண்டு கொடுத்தான். அவித்துத் தின்றேன்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய இரவு படகு திரும்பவில்லை. தங்கச்சிமடமே கரையில். இடுப்பளவு நீரில் நின்று அவன் பெயரைக் கத்தினாய், நான் ஒருநாளும் கேட்டிராத குரலில்.

எனக்கு வேறென்ன தெரியும்? நானும் இறங்கி, உன் பக்கத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்:

ரெமிஜியுஸ், ரெமிஜியுஸ்.