கூவம் வருது

டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர்.
அடைப்பு இல்லை, சதையும் வளரவில்லை,
வெறும் பழக்கம்தான்.
"வாயை மூடச் சொல்லுங்கள், மூக்கு பார்த்துக்கொள்ளும்"
என்று சீட்டில் எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார்.

சொன்னேன்.
தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்,
ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னேன்.
இரவில், வறண்டு வெடித்த உதடுகளை
இரண்டு விரலால் சேர்த்துவைத்துவிட்டு
அவை மெல்லப் பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரெனிஷா பேச்சையே நிறுத்திவிட்டாள்.
பள்ளிக்கூடக் கதை இல்லை, பென்சில் புகார் இல்லை.
வாய் மட்டும் திறந்தேதான் இருந்தது.
"வாயை மூடு" என்றால்
இந்த வீட்டில் வேறு அர்த்தம் என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் பறக்கும் ரயிலில் ஒரு ஆட்டம்.
ஸ்டேஷனுக்கு ஒரு வாசனை.
மூக்கால் மட்டும் பிடிக்க வேண்டும்,
பிடித்தால் ஒரு புள்ளி.
மூக்கில் சளி இருக்கும் நாளில் ஆட்டம் கிடையாது.

பார்க் டவுனில் இரும்பு என்றாள்.
இரும்புக்கு வாசனையா என்றேன்.
கம்பியைப் பிடித்த கையை என் முகத்தில் வைத்தாள்.
ஆமாம், இருக்கிறது.

வண்டி நகர்ந்தது.
கண்ணை அகல விரித்தாள்.
"அம்மா, கூவம் வருது.
இப்ப மட்டும் வாயத் தொறந்துக்கட்டா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது,
என் மூக்கின் மேல் துப்பட்டா,
அதன் அடியில் என் வாய் ஆவென்று.
எதிர் இருக்கைக்காரர் கர்ச்சீப்புக்குள்.
கல்லூரிப் பையன்கள் சட்டைக் காலருக்குள்.
பெட்டி முழுக்க
திறந்த வாய்கள்.
இந்த ஊர் எப்போதிருந்து
இப்படி மூச்சு விடுகிறது?

துப்பட்டாவை இறக்கினேன்.
இருவரும் சேர்ந்து உள்ளே இழுத்தோம்.
"அழுகின முட்டை," என்றாள் உடனே.
பிறகு கையை உயர்த்தி, "இரு இரு...
ஈரத் துணி.
அப்புறம்... கொத்தமல்லி!"
கூவத்தில் ஏதடி கொத்தமல்லி?
வாசலோரம் ஓர் அம்மா தன் சாக்குப் பையை
இன்னும் கொஞ்சம் பிரித்துக் காட்டினார்.

இரண்டு புள்ளி கேட்டாள். கொடுத்தேன்.

சேப்பாக்கத்தில் ஒன்றும் இல்லை.
திருவல்லிக்கேணியில் யாரோ வைத்திருந்த மல்லிகை,
கலங்கரை விளக்கத்தில் உப்பு.
மயிலாப்பூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்,
வாய் பாதி திறந்தபடி.
நான் தொடவில்லை.

மந்தைவெளியில் எழுப்பி இறக்கியபோது
என் கைப்பையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு
நிதானமாக, மூக்கால், ஒரு இழுப்பு.
"உன்கிட்ட பழைய பத்து ரூபா வாசனைம்மா."

பகலெல்லாம் கவுன்டரில் எண்ணுகிற நோட்டுகள்.
சோப்புப் போட்டுக் கழுவுகிறேன் தினமும்.
யாருக்கும் தெரியாது என்றுதான்
நினைத்திருந்தேன்.

படியிறங்கும்போது
பாஸின் பின்பக்கத்தில்
அவளே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.