பிழியாதே

நான் படித்த இங்கிலீஷ் நாலு விரல் நீளம்.
வெளுக்காதே. பிழியாதே.
நிழலில் உலர்த்து.
பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளில்
எழுத்துப்பிழை பார்க்கிற சோலி,
திருப்பூர் ராயபுரத்தில், தகரக் கூரை போட்ட மாடியில்.
அந்த பாஷைக்கு அதட்ட மட்டுந்தான் தெரியும் என்று
ஆறு வருஷம் நினைத்திருந்தேன்.

அனுப்பர்பாளையம் பழைய சாமான் கடையில்
ஓட்டைச் சொம்புகளுக்கு அடியில்
அட்டை போன ஒரு நாவல்.
நிறுத்துக் கொடுத்தார்கள், பதினாலு ரூபாய்.
உள்ளே மசி எழுத்தில் ச. தெய்வாத்தாள், பி.யூ.சி.
ஓரம் முழுக்கப் பென்சிலில் அர்த்தம்.

ஹெட்ஜ்ரோ என்றால் வேலி என்கிறாள்.
அடித்துவிட்டு இட்டேரி என்று எழுதினேன்.
மெலங்கொலிக்கு அவள் மனச்சோர்வு,
நான் வெசனம்.
சொலிசிட்யூடுக்கு மூன்று தடவை எழுதி அழித்திருக்கிறாள்,
தாள் தேய்ந்து ஓட்டை.
ஓட்டை வழியே அடுத்த பக்கத்து 'பட்' தெரிகிறது.

கவுண்டனன்ஸ் என்றால் முகமாம்.
'அவருடைய கவுண்டனன்ஸ் கடுத்தது' என்று ஒரு வரி வர
பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எங்கள் பக்கம் அதற்கு அகராதி எதற்கு,
எந்த வாசலில் போய் நின்றாலும்
அந்த முகந்தானே.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
இம்பெச்சுவஸ், அடிக்கோடு, சமக்குறி.
அதோடு பென்சில் இல்லை.
பரீட்சை வந்ததோ, பரிசம் போட்டார்களோ.
அர்த்தம் எனக்குத் தெரியும்,
எழுதவில்லை.

பிறகு நானூறு பக்கம் தனியாகப் போனேன்.
ராங் என்பது அங்கே வினைச்சொல்.
ஒருத்தியை ராங் பண்ணுகிறார்கள்.
கடைசி வரை அவள் அதைச்
சுமந்துகொண்டே நடக்கிறாள், நல்ல உடுப்பில்.

போன வியாழன், நைட் ஷிஃப்ட்.
பன்னிரண்டாயிரம் லேபிளுக்கு சாம்பிள் வந்தது.
டு நாட் ரிங்கில்
ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஓ.

டு நாட் ராங்.

மெஷின் நின்றுகொண்டிருந்தது.
"ஏம்புள்ள, செரியா இருக்குதா, ஓட்டிரலாமா?"
கதவிடுக்கில் அந்தக் கவுண்டனன்ஸ்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி
இன்னொரு தடவை படித்தேன்.

"செரியாத்தானுங்க இருக்குது."