ஓரெழுத்து அதிகம்

போத்தலைச் சுற்றிய தாளில்
சிங்களம் மேலே, ஆங்கிலம் நடுவே,
அடியில் எறும்பு வரிசையாய் நான்.
சொல்லுக்கு ஆறு ரூபாய்.

கொள்ளுப்பிட்டி அலுவலகம், மூன்றாம் மாடி,
கழுத்தில் ஊதும் ஏசி.
வந்த வாக்கியம் சின்னது:
இக்குளிசை இரத்தத்தில் சீனியை...
அதற்குப் பிறகு ஒரு வினைச்சொல் வேண்டும்.

குறைக்கும் என்றால் தலையிலடித்துச் சத்தியம்.
குறைக்கலாம் என்றால் பாதி திறந்த கதவு.
குறைக்குமாம் என்றால்
யாரோ சொன்னது, நான் பார்க்கவில்லை,
என்னை இழுக்காதே.

எதைப் போடுவதென்று அறிய
ஆய்வைக் கேட்டேன். கிஹான் சிரித்தார்.
"மொழிபெயர்க்கத்தானே மிஸ் தந்தோம்?"
ஆனாலும் அனுப்பினார், நாலு பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் முப்பத்தொரு பேர்.
நாலாம் பக்கத்தில் இருபத்திரண்டு.
இடையில் ஒன்பது பேர் எங்கே இறங்கினார்கள்?
நூற்றியோராம் இலக்க பஸ்ஸில்கூட
இறங்குகிறவர்களுக்கு மணியடிக்கிறார்கள்.

எல்லோர் கையிலும் அதே குளிசை.
வெறும் மாவுருண்டை விழுங்கிப்
பக்கத்தில் நின்று ஒப்புக்காட்ட ஒருவருமில்லை.
முதல் நாளே எல்லோருக்கும் ஓர் அறிவுரைத் தாள்:
சீனியை விடு, பாணைக் குறை, நட.
பன்னிரண்டு கிழமையில் சீனி இறங்கியதாம்.
இறக்கியது கொடியா, காலா?
கேட்கவேயில்லை.
கடைசி வரியில் நன்றி
குளிசைகளை இலவசமாய்த் தந்த கம்பனிக்கு.

கொடியோடு எனக்கு ஒரு கோபமுமில்லை.
கபோஸ் லேனில் சாக்குச் சாக்காய் அடுக்கியிருக்கும்,
தாண்டிப் போனால் சட்டையெல்லாம் கசப்பு மணக்கும்.
அதற்குள் ஏதோ இருக்கலாம்.
இருக்கலாம் என்பதைத்தான் எழுதி அனுப்பினேன்.
காசும் வந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்தில் லிப்ட் பழுது.
நாலாம் மாடிப் படியில் யோகசீலன்
மீன் பையோடு குந்தியிருந்தார்.
பையை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.
அவர் பிரிட்ஜின் மேல் அந்தப் போத்தல்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் எறும்புகளைத் தேடினேன்:
குறைக்கும்.

கிஹானுக்கு அங்கிருந்தே அடித்தேன்.
"ஓரெழுத்து அதிகம் மிஸ், வரி மடிந்துவிட்டது.
ஸ்டோர்ஸில் ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான்,
அவன் திருத்தித் தந்தான்.
அர்த்தம் ஒன்றுதானாம்."

ஒன்றுதானாம்.

யோகசீலனுக்கு ஒரே புளுகம்.
"இருநூற்றுப் பத்து இப்ப நூற்றி அறுபது, பிள்ளை!
ஆஸ்பத்திரிக் குளிசையைப் பாதியாக்கிப்போட்டன்.
இங்கிலீசில் ஆயிரம் சொல்லுவாங்கள், நான் நம்பிறேல்ல.
இது தமிழிலேயே போட்டுக்கிடக்கு."

மீன் பை என் கையில் ஒழுகியது.
வேறென்ன மாறியது என்று கேட்டேன்.
ஒன்றுமில்லை என்றார். பாண் அதே பாண்,
தேத்தண்ணி அதே தேத்தண்ணி.
பிறகு, யோசித்து:
"லிப்ட் நிண்டு ஆறு கிழமை.
அஞ்சு மாடி, நாளுக்கு மூண்டு தரம்."

இருவரும் கொஞ்ச நேரம் படிப்பக்கம் பார்த்தோம்.

"அப்ப இது வேலை செய்யாதோ?"
தெரியாது என்றேன்.
வாயில் அரிசிக்கல்லாய் அகப்பட்ட சொல்.
ஆஸ்பத்திரிக் குளிசையை முழுசாய்ப் போடுங்கோ,
திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோங்கோ,
ஒளிக்காமல் காட்டுங்கோ.
அது மட்டும் தெரியும்.

பேனை கேட்டு வாங்கி
லேபலில் கும்மை வெட்டினேன்.
பளபளத்த தாளில் மை பிடிக்கவில்லை,
கலாம் என்று எழுத எழுத வழுக்கியது.
மூன்றாம் முறை
நகத்தால் கீறினேன்.

கதவடியில் காவலாளி தலை நீட்டினான்.
லிப்ட் வெள்ளிக்கிழமை சரிவருமாம்.

"ஆர் சொன்னது?" என்றார் யோகசீலன்,
மீனைக் கழுவியபடி.