அரை மணித்தியாலம்

கொழும்பிலிருந்து மாலேக்கு
ஒன்றரை மணித்தியாலம்.
வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு
மழை பெய்தால் இரண்டேகால்.

பேலியகொடையில் ஓட்டோவுக்குள் இருந்தோம்.
மேலே ஒரு விமானம் போனது.
அதுதான் என்றாய், சுதாங்கன்.
இல்லாமலும் இருக்கலாம்.
பூட்டிய பெட்டியைத் திறக்காமலே
ஒரு நாள் கூடுதலாய் வீட்டிலிருந்தாய்;
என் துவாயைத்தான் பாவித்தாய்.

இப்போது
ஹோட்டல் சமையலறை கழுவிவிட்டு
நீ அழைக்கும்போது அங்கே ஒன்பது,
இங்கே ஒன்பதரை.
உன்னைவிட அரை மணி முந்தி
எனக்குக் கரண்ட் போய் வந்துவிட்டது.
நீ கொண்டுவந்த மாசியில்
கடைசித் துண்டையும் இடித்தாயிற்று.

பிள்ளை படுத்துவிட்டாள் என்கிறேன்.
போர்வைக்குள்ளிருந்து குரல்:
"அப்பான்ர நேரத்துக்கு
நான் இன்னும் படுக்கேல்லை."