ஜெனரேட்டரை நகர்த்தாதே

எலத்தகிரித் திருவிழாவுக்கு
பதினாறு பாக்ஸ், ஒரு மிக்ஸர், ஒரு ஜெனரேட்டர்
என்றுதான் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.
மதலேனைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மாங்கூழ் ஃபேக்டரியில் பகல் ஷிப்ட் முடித்து
நேராக மேடைக்கு வந்திருந்தாள்.
தோத்தாபுரி நெடி. நகக்கண்ணில் மஞ்சள்.
தோளில் வாரிட்டு மார்போடு அணைத்த அக்கார்டியன்,
துருத்தி மடிப்பில்
பர்கூர் பஞ்சர் கடைக்காரன் ஒட்டிய
சைக்கிள் ட்யூப் துண்டுகள்.

பக்கத்தில் திம்மராயன், பம்பையோடு.
மாரியம்மனை அழைக்கிற தோல்
மாதாகோயில் வாசலில் பேசலாமா என்று
பீடி அணைகிறவரை யோசித்தான்.
பிறகு இன்னொரு பீடி.
அந்தப்பக்கம் ஓசூர் கம்பெனிப் பையன் யஷ்வந்த்,
லேப்டாப்பில் ஒரு துடிப்பைச் சுழலவிட்டு
வயர் தேடிக்கொண்டிருந்தான்.

எனக்கு அதெல்லாம் கவலையில்லை.
என் கவலை இரைச்சல்.
இருபது வருடமாக
ஜெனரேட்டரின் ம்ம்ம் என்கிற முனகல்
கூட்டத்தின் காதுக்கு எட்டாமல் பார்ப்பதுதான் பிழைப்பு.
புளியமரத்துக்கு அப்பால் தள்ளப் போனேன்.

"அண்ணா, அதை நகர்த்தாதீங்க.
அதுதான் சுருதி."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
ஒரு கட்டையை அழுத்திக் காது சாய்த்தாள்,
"கொஞ்சம் இறங்கியிருக்கு."
த்ராட்டிலைத் திருகினேன்.
சீரியல் பல்புகள் ஒரு கணம் திகைத்துப் பிரகாசித்தன.
"ம். போதும்."

பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலை எடுத்தாள்,
மகனை மடியில் வாங்கிய தாயினுடையதை,
சொல் இல்லாமல்.
திம்மராயன் நிமிர்ந்தான்.
"இது எங்க சாவு வீட்டுல அழறது" என்றான்
யாரிடமோ.
குச்சி தானாக இறங்கியது.

யஷ்வந்தின் துடிப்புதான் ஒட்டவில்லை.
ஒரே அளவில் அடி வைக்கிறவன்
அழுதுகொண்டு நடப்பவளோடு
எவ்வளவு தூரம் போவான்?
நிறுத்தினான்.
மைக்கைத் துருத்தியின் விலாவுக்குக் கொண்டுபோனான்.
அவள் எந்தக் கட்டையையும் தொடாமல்
காற்றுப் பித்தானை மட்டும் அழுத்தி
விரித்தாள், மூடினாள்.
பஞ்சர் ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன விசில்.
அதை வெட்டிச் சுழலவிட்டான்.

பதினாறு பாக்ஸும் மூச்சு விட்டன.

உபதேசியார் நிறுத்தச் சொல்லத்தான் மேடையேறினார்.
வயரை மிதித்துவிடக்கூடாதென்று குனிந்தவர்
குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.
ஒரு சீட்டு வந்தது, சினிமாப் பாட்டு கேட்டு.
அதைத் திம்மராயன் பம்பைக்கடியில்
ஆடாமல் இருக்க மடித்து வைத்துக்கொண்டான்.

எப்போது முடிந்தது, தெரியாது.
அவள் வாரைக் கழற்றி
தண்ணீர் கேட்டாள்.
திம்மராயன் கை உதறினான்.
லேப்டாப் மூடியாயிற்று.
ஜனம் உட்கார்ந்தே இருந்தது.

எனக்குப் புரிய நேரமாயிற்று.
இறங்கிப் போய் ஜெனரேட்டரை அணைத்தேன்.
அதற்குப் பிறகுதான்
பாய்களைச் சுருட்டினார்கள்.

பில்லில்
டீசல் இரண்டு லிட்டர் கூடுதலாகப் போட்டேன்.
எதற்கென்று எழுதவில்லை.