கணுக்கால்

ஜூலை முதல் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில்
மின்னஞ்சல் வந்தது.
கதவடைப்பு.
ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது.
குறுஞ்செய்தி கூடாது. பிறந்தநாள் வாழ்த்து கூடாது.
கடையில் தற்செயலாக எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று
யாரோ கேட்டிருக்க வேண்டும்.
மறுநாள் விளக்கம் வந்தது:
தலையசைக்கலாம். நிற்கக் கூடாது.

பதினான்கு வருடமாக மில்வாக்கியில்
உயரமான ஆண்களின் கணுக்கால்களுக்கு
நாடா சுற்றுகிறவள் நான்.
முகம் மறந்தாலும் கால் மறக்காது.
காரிக் பெட்டிஃபோர்டின் இடது காலில்
எலும்பு கொஞ்சம் துருத்தி நிற்கும்.
ஒன்றேகால் சுருள், குதிகாலில் இரண்டு பூட்டு.
சுற்றி முடிக்கும்வரை கூரையையே பார்த்திருப்பான்,
ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி.
பதினொன்றாவது ஆள் அவன். பெஞ்சு.
ஆனாலும் சங்கத்தில் எங்கள் அணியின் குரல்,
வேறு யாரும் கை தூக்காததால்.

ஆகஸ்டில் அரங்கின் முகப்பிலிருந்து
படங்களையெல்லாம் இறக்கச் சொன்னார்கள்.
நாலு மாடி உயரத் துணி.
எங்கள் வேலை இல்லைதான், ஆனால் ஆளில்லை.
நெற்றியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தோம்.
வாய் வந்ததும் லூபே நிறுத்தினாள்:
'சீக்கிரம் சுருட்டு, பேசிவிடப் போகிறான்.'
வெகுநேரம் சிரித்தோம்.
இப்போது அவன் கொதிகலன் அறையில்,
பனிக்குத் தூவும் உப்பு மூட்டைகளின் பின்னால்.
செப்டம்பரில் லூபேயை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
என் சம்பளத்தில் கால் பங்கு போயிற்று.

முதலாளி ஸ்ட்ராஸர் அட்டைப்பெட்டி செய்கிறவர்.
நஷ்டம் என்றார் தொலைக்காட்சியில்.
கணக்கைக் காட்டுங்கள் என்றது சங்கம்.
நியூயார்க் ஹோட்டல் ஒன்றில்
பதினாறு மணி நேரம், குளிர்ந்துபோன சாண்ட்விச்.
நூற்றுக்கு ஐம்பத்தேழு கேட்டார்கள் இவர்கள்.
ஐம்பதுக்கு மேல் காசில்லை என்றார்கள் அவர்கள்.
இடையில் கிடந்த அந்த ஏழைச் சுற்றி
நாடே உட்கார்ந்து பேசியது.
நானும் காகிதம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
எந்தப் பக்கத்து எண்ணிலும்
லூபே இல்லை.

'கோடிக்கும் கோடிக்கும் சண்டை, நமக்கென்ன?'
என்கிறான் என் தம்பி, பீர் டப்பாவை நசுக்கியபடி.
அப்படியும் சொல்லலாம்.
ஆனால் நான் அந்த முழங்கால்களைத் தொட்டிருக்கிறேன், ஸ்டான்.
முப்பத்திரண்டு வயதில் தீர்ந்துபோகும்.
அட்டைப்பெட்டி தீராது.
(இதைச் சொன்ன அன்றும்
லூபேயின் வாடகையை நினைத்து
பெட்டிஃபோர்டின் மேல்தான் கோபம் வந்தது.
ஏன் என்று தெரியவில்லை.)

இன்று முதல் ஆட்டம் நடந்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை.
கின்னிக்கினிக் தெருக் கடையில்
மீன் வாங்கப் போனேன்.
உறைபொருள் வரிசையின் கடைசியில்
விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு முதுகு.
தள்ளுவண்டியில் நாலு பொட்டலம் பட்டாணி, வேறொன்றும் இல்லை.
சாப்பிட அல்ல என்று
இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.
எங்கோ ஒரு தேவாலயத்துச் சிமென்ட் தரையில்
ஆடிக்கொண்டிருக்கிறான்.

தலையசைத்தான். அசைத்தேன்.
நிற்கக் கூடாது.
என் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது,
அல்லது நான் அவிழ்த்தேன்.
குனிந்தபோது பார்த்தேன்:
வெளியிலிருந்து உள்ளே சுற்றியிருக்கிறான், மடையன்.
அடுத்த எட்டில் கால் மடங்கும்.

கண்ணாடிக் கதவில் பனி படர்ந்திருந்தது.
ஆள்காட்டி விரலால் ஒரு குதிகால் வரைந்தேன்.
உள்ளிருந்து வெளியே ஓர் அம்பு.
ஒரு பூட்டு.
இன்னொரு பூட்டு.
இம்முறை கூரையைப் பார்க்கவில்லை அவன்.

பிறகு அதே கதவை இழுத்துத் திறந்து
ஐந்தாவது பட்டாணியை எடுத்தான்.
படம் அவனோடு கொஞ்சம் நகர்ந்து
கதவோடு திரும்பி வந்தது, பாதி கலைந்து.

பில் போடுகிற பெண் கண்கள் விரியக் கேட்டாள்:
'இப்போது போனது பெட்டிஃபோர்ட்தானே?'
யார், என்றேன்
சில்லறையை எண்ணிக்கொண்டே.