தூக்குப் பாலம்

பிர்னோ நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
விடியற்காலை நாலு ஐம்பதுக்கு முதல் வண்டி.
மூன்று நிமிடம் பிந்தினால் போதும்,
நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை முகமும்
கடன் கொடுத்தவன் முகம்.

வேலை முடிந்து வீட்டில் என்ன செய்வாய் என்றால்
ரயில் ஓட்டுவேன் என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

கூரைக்கடியில் சரிவான ஓர் அறை.
அங்கேதான் என் கணவன் போஹுமிலின் துணிக்கொடி,
அங்கேதான் என் ஹோர்னி லிப்கா.
நூற்றிருபதில் ஒரு பங்காகச் சுருங்கிய ஊர்:
ஒரு நிலையம், ஒரு மர அறுவை ஆலை,
வர்ணம் பூசாத ஒரு தேவாலயம்.
(ஆறு வருடமாகப் பூசவில்லை.
அந்த ஊர்க் கடவுள்
வெள்ளை அட்டையில் குடியிருக்கிறார்.)

சுவரைச் சுற்றி வந்த தண்டவாளம்
கதவருகே திகைத்து நின்றது.
வட்டம் முடிய வேண்டுமென்றால்
வாசலைக் கடந்தாக வேண்டும்.
கடந்தது.
இடுப்புயரத்தில் குறுக்கே ஒரு பலகை.
அன்று முதல் பன்னிரண்டு வருடம்
ஈரத்துணிக் கூடையோடு அவன்
குனிந்து நுழைகிறான், குனிந்து வெளியேறுகிறான்.
"உன் ஊருக்கு நுழைவுக்கட்டணம் ஒரு கும்பிடு" என்பான்.

கட்டுவது ஒரு வேலை.
கட்டியதைக் காப்பது
அதைப்போல் பத்து வேலை.
ஜூலையில் ஓடு காய்ந்து தண்டவாளம் நீளும்,
இடைவெளிகள் மூடிக்கொள்ளும்,
நேர்கோடு நெளியத் தொடங்கும்.
ஜனவரியில் பலகை சுருங்கி
சுரங்கத்தின் மேல் மலை வெடிக்கும்.
மாவு குழைத்து மலையைப் பூசிவிட்டு
அதே கையால் ரொட்டி அறுப்பேன்.
வெள்ளிக்கிழமைதோறும்
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால்
தண்டவாளம் துடைப்பேன்.
கறுப்பாக வரும்.
புகையே இல்லாத ஊரில்
இவ்வளவு கரி எங்கிருந்து?

போன பிப்ரவரியில்
நீல டீசல் எஞ்சின் மட்டும்
மூன்றாவது பாயிண்டில் தடம் புரண்டது.
மற்ற வண்டிகள் ஒழுங்காகப் போயின.
அளந்தேன்.
அரத்தால் ராவினேன்.
தரையோடு கன்னம் வைப்பதுபோல்
தண்டவாளத்தோடு கன்னம் வைத்து
ஒற்றைக்கண்ணால் பார்த்தேன்.
ஒன்பது ராத்திரி.
ஊர்க்காரர்கள் பிளாட்பாரத்தில்
பசை போட்டு ஒட்டிய காலோடு
பொறுமையாக நின்றார்கள்.

பத்தாவது நாள்தான் எஞ்சினைத் திருப்பிப் போட்டேன்.
அச்சில் சிவப்பு நூல்.
போஹுமிலின் கம்பளிச் சட்டை நூல்.
சாமணத்தால் உருவ உருவ
ஒரு சாண் வந்தது.
அதைப் பிடித்துக்கொண்டே
சண்டை போடக் கீழே இறங்கினேன்.

படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்திருந்தான்,
மடியில் கூடை.
"முழங்கால்" என்றான். "ஒரு நிமிடம்.
அப்புறம் குனிந்துவிடுவேன்."
"எத்தனை நாளாக?"
"ஆப்பிள் பறித்த சமயத்திலிருந்து."
"சொல்லியிருக்கலாமே."
"வண்டி ஓடிக்கொண்டிருந்ததே, லிபுஷே."

கையிலிருந்த நூலை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
விரலில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் ரம்பத்தை எடுத்தேன்.
நானே போட்ட தண்டவாளத்தை நானே அறுத்தேன்.
பித்தளைக் கீல் இரண்டு.
தண்டவாள மட்டத்துக்கு மேலே பொருத்த வேண்டும்,
கீழே வைத்தால் தூக்கும்போது முனை இடிக்கும்;
இது மூன்றாவது பாலத்தில்தான் புரிந்தது.
முதல் பாலம் சரியாக உட்காராமல்
நீல எஞ்சின் தரையில் விழுந்தது.
அதன் முன்கொக்கி
இன்னும் எங்கோ அலமாரிக்கடியில்.

கீலோடு ஒரு சின்ன சுவிட்ச்.
பாலம் எழுந்தால்
இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மின்சாரம் செத்துவிடும்.
எந்த வண்டியும் அங்கே வந்து
தானாக நிற்கும்.

இப்போதெல்லாம்
பாயிண்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.
மர ஆலைக்கு அருகில்
சொல்லாமல் கொள்ளாமல் வண்டி நிற்கும்.
தலை தூக்க மாட்டேன்.
சோப்பு வாசனை வரும்.
நிமிர்ந்த ஒருவன்
என் பின்னால் போய்
போர்வையை உதறுவான்.

தாமதம் மூன்று நிமிடம்,
சில நாள் ஐந்து.
ஹோர்னி லிப்காவில் யாரும்
புகார் எழுதுவதில்லை.

போகும்போது பாலத்தை இறக்கிவிட்டுப் போவான்.
டக்கென்று உட்காரும்.
இடது பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கல்.
வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும்.